ஓட்டுவதற்கென்று ஒரு பழைய கார்: மூன்று லட்சம் ரூபாய்க் கணக்கு

தருமபுரியில் ஒருவர் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால், கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது மைலேஜ். அடுத்தது, திரும்ப விற்றால் என்ன விலை போகும் என்பது. அதற்கும் அடுத்தது, குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது எத்தனை பேர் ஏறலாம் என்பது. மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிப்பதிலும், சரியான இடத்தில் கியர் மாற்றுவதிலும், ஒரு வளைவை அளவாக எடுத்து வெளியே வருவதிலும் உள்ளூர ஒரு மகிழ்ச்சியை உணர்கிறவருக்கு இந்த மூன்று பதில்களும் போதாது. அப்படிப்பட்டவராக இருந்து, கையில் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் புரட்ட முடியாதவருக்காகவே இதை எழுதுகிறேன். அவருக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வண்டி ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது என்று பார்த்து வாங்காதீர்கள், இறக்கத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

இதை நம் ஊரின் நில அமைப்பே சொல்லிவிடுகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலுமலையைக் கடந்து கிருஷ்ணகிரிக்கு வரும்போது அது 500 மீட்டரை ஒட்டி இறங்கிவிடுகிறது. தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துக்குப் போனால் 300 மீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறோம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூர் இறக்கத்தைப் போலப் பெயர் கெட்ட இடங்கள் குறைவு. அங்கே நடந்த விபத்துகளில் பிரேக் பிடிக்காமல் போன லாரி என்ற செய்தியை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். கணவாய் விளையாடும் இடமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இடது ஓரமாக, வேக வரம்புக்குள், முன்னே செல்லும் லாரியிடமிருந்து தாராளமாக இடைவெளி விட்டுச் செல்வதுதான் ஓட்டத் தெரிந்தவரின் அடையாளம். ஓட்டி மகிழ்வதற்கு வேறு சாலைகள் இருக்கின்றன. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சாலை, வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகள், அரூர்ப் பக்கத்துச் சித்தேரி மலைப் பாதை, தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி செல்லும் வழி ஆகியவை எல்லாம் மணிக்கு 40 கிலோமீட்டரிலேயே போதுமான வேலையைக் கைக்கும் காலுக்கும் கொடுக்கக்கூடியவை. அஞ்செட்டிப் பக்கம் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்த காடு என்பதால், அங்கே மெதுவாகப் போவதற்கு யானை என்ற கூடுதல் காரணமும் உண்டு.

இறக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனெனில் எந்தக் காரை வாங்குவது என்ற கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. கீழே உருளும் வண்டியின் ஆற்றல்தான் பிரேக் பேடில் வெப்பமாக மாறுகிறது. எடை கூடக் கூட வெப்பமும் கூடுகிறது. பேடு சூடேறிப் பிடிமானம் குறைவது ஒரு சிக்கல். பிரேக் ஆயில் கொதிப்பது இன்னொன்று. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, ஈரம் ஏறியபின் 155 டிகிரி தாங்கினாலே அந்தத் தர அளவுக்குப் போதும். பழைய கார் வாங்கும் பலரும் இன்ஜின் ஆயிலை மாற்றுகிறார்கள். பிரேக் ஆயிலை யாரும் நினைப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகளாக மாற்றப்படாத ஆயிலோடு ஒரு நீண்ட இறக்கத்தில் இறங்கினால், பெடல் பஞ்சு போல உள்ளே போகும் அனுபவத்தை அடிவாரத்திற்கு முன்பே அடைந்துவிடலாம்.

எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் அந்தக் கணக்கில் ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கலாம். எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்தும் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் எரிபொருளை அநேகமாக முழுவதும் நிறுத்திவிடுகின்றன. சக்கரங்களே இன்ஜினைச் சுற்ற வைக்கின்றன. நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகத் தொடர்ந்து எரிபொருளைக் குடிக்கிறது. ஆகவே நியூட்ரலில் மிச்சமும் இல்லை, இன்ஜின் கொடுக்கும் பிடிப்பும் இல்லை. சாவியையே அணைத்துவிடுபவர்கள் பிரேக்குக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவியையும் சேர்த்து இழக்கிறார்கள். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வதே இன்றைக்கும் சரி. ஓட்டுவதில் ஆர்வம் உள்ளவருக்கு மேனுவல் கியர்தான் பொருத்தம் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது கியரில் இறக்கி, பிரேக்கைத் தேவையான இடத்தில் மட்டும் அழுத்திவிட்டுக் காலை எடுப்பதில் ஒரு கைத்தொழிலின் நிறைவு இருக்கிறது.

இனி வண்டிகளுக்கு வருவோம். எடை குறைவு, சாலையைக் கைக்கு உணர்த்திப் பேசுகிற ஸ்டியரிங், நல்ல கியர்பாக்ஸ், உள்ளூரில் பழுது பார்க்க ஆள் ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

எதிலும் சிக்கிக்கொள்ள விரும்பாதவருக்கு மாருதி ஸ்விஃப்ட். 2005இல் வந்த முதல் தலைமுறை ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 87 குதிரைத்திறன் தந்தது. சுழலச் சுழல உற்சாகம் கூடுகிற இன்ஜின் அது. 2010இல் அதற்குப் பதிலாக 1.2 லிட்டர் கே சீரிஸ் வந்தது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1.2 லிட்டருக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் வரிச்சலுகை என்று 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் வகுத்த வழியில்தான் நம் நாட்டுச் சிறிய கார்களின் பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் 1.2க்குள் அடங்கின. இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குவது பழைய 1.3இல் டைமிங் பெல்ட், கே சீரிஸில் டைமிங் செயின் என்பதை வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், அது மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் குறை, எல்லோரும் அதைத் தேடுவதால் தேய்ந்த வண்டிக்கும் நல்ல வண்டியின் விலையைக் கேட்கிறார்கள் என்பது.

என் மனம் சாய்வது 2010இல் வந்த முதல் தலைமுறை ஃபோர்டு ஃபிகோவின் பக்கம். இதன் 1.4 லிட்டர் டீசல் இன்ஜினின் திறன் 69 குதிரைத்திறன்தான். விளம்பரத்தில் எழுதிப் பெருமைப்படும் எண் அன்று. ஆனால் இதன் பவர் ஸ்டியரிங் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகை. சாலையின் சொரசொரப்பு, டயரின் பிடி தளரத் தொடங்கும் நொடி, நடுவில் கிடக்கும் ஒரு கல்லின் மேல் ஏறியது எல்லாம் உள்ளங்கைக்கு வந்து சேரும். ஒகேனக்கல் இறக்கத்தில் வளைவின் நடுவே சாலை கொஞ்சம் உடைந்திருந்தாலும், இந்த வண்டி துள்ளாமல் ஒரே கோட்டில் போகும். சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான கார் இது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் பழைய ஃபோர்டுகளின் மதிப்பு சந்தையில் சரிந்தது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று நிறுவனம் அப்போதே சொல்லியிருந்தாலும், சந்தை அச்சத்தைத்தான் விலையில் எழுதும். அந்த அச்சமே கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு வாய்ப்பு. 2015க்குப் பிந்தைய ஃபிகோவின் 1.5 லிட்டர் டீசல் 100 குதிரைத்திறன் கொண்டது, நெடுஞ்சாலையில் இன்பமானது. ஸ்டியரிங் மட்டும் மின்சார வகைக்கு மாறிவிட்டதால் பழைய பேச்சு குறைந்துவிட்டது.

ஃபியட் புன்டோவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. கனமான, அழகான, வேகம் கூடக் கூடச் சாலையை இறுகப் பற்றுகிற வண்டி. இதன் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினைத்தான் ஸ்விஃப்ட்டிலும் டிசையரிலும் டாடா விஸ்டாவிலும் வெவ்வேறு பெயர்களில் பார்த்தோம். ஆகவே இன்ஜின் வேலைக்குக் காரிமங்கலத்திலும் ஆள் கிடைப்பார். தலைவலி இன்ஜினில் இல்லை. ஹெட்லைட், கதவுப் பூட்டு, சஸ்பென்ஷன் பாகங்கள், மின் இணைப்புகள் போன்ற ஃபியட்டுக்கு மட்டுமே உரிய பொருட்களில்தான் இருக்கிறது. வேறொரு வண்டியும் வீட்டில் இருந்து, ஒரு பாகத்துக்காகப் பெங்களூருக்கோ கோவைக்கோ தொலைபேசியில் பேசிக் காத்திருக்கும் பொறுமையும் இருப்பவர் மட்டும் இதை எடுக்கலாம்.

ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு நம் இளைஞர்களிடையே பெரிய மயக்கம் உண்டு. மூன்று லட்சத்துக்குள் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று சிலிண்டர் கொண்ட 1.2 லிட்டர் 75 குதிரைத்திறன் பெட்ரோல் வண்டிகள். கதவு மூடும் ஓசை நன்றாக இருக்கும், இழுவை அந்த ஓசைக்கு ஈடாகாது. 2013இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வேறு ரகம், ஆனால் அதன் டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி கெட்டுப்போனால் வரும் செலவு இந்த பட்ஜெட்டின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். விலை மலிவாகச் சொல்லப்படும் டி.எஸ்.ஜி. வண்டி ஏன் மலிவு என்பதை விற்பவர் அறிவார்.

2008 முதல் வந்த ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் ஐ-விடெக் இன்ஜின் 118 குதிரைத்திறன் தருகிறது; டைமிங் செயின், நீண்ட ஆயுள். தரைக்கும் வண்டிக்குமான இடைவெளிதான் குறைவு. நம் கிராமத்துச் சாலைகளின் வேகத்தடைகளில் நான்கு பேரோடு போனால் அடியில் உரசும். அதே நிறுவனத்தின் பிரியோவை யாரும் கண்டுகொள்வதில்லை. குட்டியான உடல், 88 குதிரைத்திறன், நன்கு விழும் கியர். டிக்கி இல்லாததுபோல் இருப்பதே அதன் விலை குறைவுக்குக் காரணம் என்றால், தனியாக ஓட்டி மகிழ்பவருக்கு அது ஒரு குறையே இல்லை. ஒன்றரை லட்சத்துக்கும் கீழே என்றால் பழைய மாருதி ஜென். 800 கிலோவை எட்டாத எடையும் ஒரு லிட்டர் அலுமினிய இன்ஜினும் சேர்ந்து, சிறுவயதில் ஓட்டிய சைக்கிளைப் போல மனத்துக்கு இணங்கும். 2006இல் அதன் உற்பத்தி நின்றது. அதன்பின் வந்த ஜென் எஸ்டிலோ பெயரில் மட்டும் ஜென். ஆனால் ஜென்னில் ஏர்பேக்கையும், அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸையும் எதிர்பார்க்க முடியாது என்பதை மறைக்கக் கூடாது. புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019இல்தான், அதற்கு முந்தைய எந்த வண்டியிலும் அது உயர் ரகத்தில் மட்டும் இருக்கும் வாய்ப்பே அதிகம். ஒரே விலையில் அலாய் வீலும் தொடுதிரையும் கொண்ட ஒன்றும் ஏ.பி.எஸ். கொண்ட ஒன்றும் நின்றால், இரண்டாவதைப் பார்க்காமலே எடுக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இதில் பிடிவாதம் உண்டு.

பார்க்காமல் என்பது பேச்சுக்குத்தான். கிருஷ்ணகிரியில் ஒரு கார் கன்சல்டிங்கில், நண்பர் ஒருவருக்காக வெள்ளை ஃபிகோ ஒன்றைப் பார்க்கப் பழக்கமான மெக்கானிக்கோடு போயிருந்தேன். "டாக்டர் ஓட்டின வண்டிங்க சார், ஒரு கீறல் கிடையாது" என்றார் கடைக்காரர். கீறல் இல்லைதான், மேல் பூச்சு கண்ணாடி போலப் பளபளத்தது. மெக்கானிக் எதுவும் பேசாமல் இடது பக்க முன் கதவைத் திறந்து, சட்டத்தைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங்கை விரலால் உருவினார். உள்ளே, தகடுகள் சேரும் விளிம்பில் தொழிற்சாலையில் வைக்கப்பட்ட வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வட்டவட்டமாக வரிசையாக இருந்தன. வலது பக்கம் வந்து அதே இடத்தில் பீடிங்கை உருவினார். "ண்ணா, இங்க வந்து பாருங்க. இந்தப் பக்கம் புள்ளியே இல்ல." விளிம்பு மொழுமொழுவென்று பட்டி பூசி மட்டம் செய்யப்பட்டிருந்தது, நகத்தால் சுரண்டியதும் மாவாக உதிர்ந்தது. கதவை மாற்றியிருந்தால்கூட மன்னிக்கலாம், கதவு தொங்கும் தூணே அடிபட்டு நிமிர்த்தப்பட்ட வண்டி நேராக ஓடாது. கடைக்காரர் அடுத்த வண்டியைக் காட்டத் தொடங்கினார்.

பம்பரும் கதவும் மாற்றுவது சகஜம். தூண், முன்பக்கச் சட்டம், டிக்கியின் அடித்தகடு ஆகிய மூன்றிலும் டிங்கரிங் வேலை நடந்திருந்தால் விட்டுவிடுவதே நல்லது. வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்; போய்ச் சேரும்முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டி என்று சந்தேகப்படலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு டயர்களும் வெவ்வேறு நிறுவனத்தவையாக இருந்தால், முந்தைய ஓனர் எப்படிப் பராமரித்தார் என்பது தெரிந்துவிடும். ஒரு டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் என்று சமாதானம் சொல்வார்கள். லோயர் ஆர்ம், புஷ் போன்ற சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாவற்றையும் ஜாக்கியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பிறகு, கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு என்பதோடு நிற்காமல், உண்மையான ஓர் இறக்கம் வரை ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாக வெளியே துள்ளக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிரக் கூடாது. நெடுநேரம் இறங்கியபின் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வந்தால் வால்வு சீல் போயிருக்கலாம். கீழே வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் அனல் வீசினால், அந்தப் பக்கத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சோதனை ஓட்டத்துக்கு இறக்கம் வரை விட மறுக்கும் கடையில் வாங்க வேண்டிய அவசியமில்லை.

கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடகப் பதிவெண் பலகையின் கவர்ச்சிக்கும் ஒரு வார்த்தை. எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர்ச் சந்தை. அதே வண்டி, அதே வருடம், இங்கே கேட்பதைவிட விலை குறைவாகவும் நல்ல நிலையிலும் அங்கே கிடைப்பது உண்மை. ஆனால் வேறு மாநில வண்டியைப் 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்; அதற்கு அங்கிருந்து தடையின்மைச் சான்று, இங்கே வண்டியின் விலையையும் வயதையும் பொறுத்த ஆயுள் வரி எல்லாம் வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெற வழி உண்டு; அலைச்சலும் உண்டு. இவற்றைக் கூட்டிப் பார்த்தபின்னும் லாபம் என்றால் வாங்கலாம். டெல்லியிலிருந்து வரும் டீசல் வண்டிகள் இன்னும் மலிவு, ஏனெனில் அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது, நம்மிடம் அப்படி இல்லை. ஆனால் அவற்றின் கிலோமீட்டர் மீட்டரை நம்புவதற்கு மிகுந்த இறைபக்தி வேண்டும்.

வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு, அதன்பின் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று காட்டி ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்புக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி, எஃப்.சி.க்குத் தயார்படுத்தும் வேலை எல்லாம் தனி. 2010ஆம் ஆண்டு ஸ்விஃப்ட்டோ ஃபிகோவோ வாங்குபவர், எஃப்.சி. ஏற்கெனவே எடுத்த வண்டியா, எடுக்க வேண்டிய வண்டியா என்பதை விலை பேசும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

மூன்று லட்சம் இருந்தால் வண்டிக்கு இரண்டேகால் லட்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது என் கணக்கு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்பவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மீதிப் பணம் முதலில் நான்கு நல்ல டயர்களுக்கு. அடுத்து ஷாக் அப்சார்பர், புஷ், பிரேக் பேடு, லைனர், பிரேக் ஆயில், கூலண்ட், தேவைப்பட்டால் டைமிங் பெல்ட். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலப்பதால், பழைய பெட்ரோல் வண்டியில் எரிபொருள் ரப்பர் குழாய்களையும் ஒருமுறை பார்த்து, வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். புதிய ஷாக் அப்சார்பரும் புதிய டயரும் போட்ட பழைய ஃபிகோ, தேய்ந்த சஸ்பென்ஷனோடு சத்தமான சைலன்சர் வைத்த எந்த வண்டியையும் வளைவில் வெட்கப்பட வைக்கும். சைலன்சரை மாற்றுவதும் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதும் சட்டப்படியும் தவறு. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது.

இன்சூரன்ஸில் ஆர்வலர்கள் கவனிக்காத ஒரு படிக்கட்டு இருக்கிறது. 2022 ஜூனில் வகுத்த கட்டணப்படி, கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 1,000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். பழைய ஃபோர்டு ஐகான் 1.6, ஃபியஸ்டா 1.6 ஆகியவற்றை ஓட்டும் இன்பம் பெரிது. அந்த நூறு சிசிக்காக ஆண்டுதோறும் இரண்டு மடங்குக்கு மேல் கட்ட வேண்டும். 1,497 சிசி கொண்ட சிட்டி படிக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக முந்தைய ஓனருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி அவரோடு போய்விடும், வாங்குபவருக்கு வராது. பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் அதை நீக்கும் 35ஆம் படிவத்தையும், வங்கியின் கடிதத்தையும் பணம் கொடுக்கும் முன்பே கையில் வாங்கிவிட வேண்டும். பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வாங்குபவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆர்.சி. எனும் பதிவுச் சான்று கைக்கு வரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம், அதற்கு அவசியமில்லை, விற்பனை ஒப்பந்தத்தோடு அன்றைக்கே இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்.